இலை கட்டிய வாசல்

லண்டனில் ஒருவர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் வட்ஸ்அப்பில் கேட்க வேண்டும். அவர்கள் நாட்காட்டியைப் பார்த்து, இந்தக் கிழமை ஏலாது, அடுத்த கிழமை பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, அதற்கடுத்த ஞாயிறு பார்ப்போம் என்பார்கள். அந்த ஞாயிறும் வந்து, நாமும் போய் மணியடித்தால், கதவைத் திறந்து "ஐயோ, இண்டைக்கோ?" என்று கேட்பார்கள். இந்த முறை எதுவும் தெரியாத ஒரேயொரு மனுசிக்குப் பக்கத்து வீட்டில் நான் வால்தம்ஸ்டோவில் ஒன்பது வருடம் குடியிருந்தேன்.

எங்கள் தெருவில் அவர் எல்லோருக்கும் அன்ரி. இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறார். அங்கே அக்கம்பக்கத்தார் என்ன பாடுபடுகிறார்களோ தெரியாது.

முன்வாசல் என்று ஒன்று இருப்பதாகவே அவர் நினைத்ததில்லை. பின் ஒழுங்கையால் வருவார். தோட்டத்துப் படலைக்கு மேலால் கையை விட்டுக் கொளுக்கியை எடுப்பார். குசினிக் கதவடியில் செருப்பைக் கழற்றுவார். எங்கள் வீட்டுக்கு அவர் கொடுத்த மரியாதை அது ஒன்றுதான். பிறகு நேரே அடுப்படி. சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "உதென்ன, கத்தரிக்காய் இப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கு?" என்பார். நான் மேலே குளித்துக்கொண்டிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். தலையைத் துவட்டிக்கொண்டு நான் இறங்கி வருவதற்குள் கறிக்குப் பழப்புளி விட்டு இறக்கியிருப்பார்.

"அன்ரி, ஒருக்கா மணியடிச்சிட்டு வரக்கூடாதோ?"

"மணியடிச்சால் நீ வேலையை விட்டிட்டு ஓடி வரவேணும். என்னத்துக்குப் பிள்ளை உனக்குக் கரைச்சல்?"

அவருக்கென்று ஒரு கொள்கையும் இருந்தது. "கதவு காத்துக்கும் கள்ளனுக்கும்தான். மனிசருக்கில்லை" என்பார்.

அவர் செய்ததும் அதற்கேற்ற வேலைதான். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுக்கும் கெயரர் வேலை. வாசற்சுவரில் பூட்டியிருக்கும் சின்னப் பெட்டியில் இலக்கங்களை அமர்த்தித் திறப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். பிறத்தியார் வீட்டுத் திறப்பைக் கையில் தந்து, போனதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்பதை அவரால் கடைசிவரை நம்ப முடியவில்லை. "சும்மா விட்டாலே போவன்" என்று சிரிப்பார். அன்ரி சுத்த சைவம். அந்த வீடுகளில் முட்டை பொரித்துக் கொடுப்பார். இறைச்சி என்றால் கடையில் வாங்கின பெட்டியோடு, கடதாசியால் பிடித்து, மைக்ரோவேவுக்குள் தள்ளிவிடுவார்.

ஓய்வு நாட்களில் வேறொரு பொழுதுபோக்கு. தெருவில் எந்த வீட்டுக்கு முன்னால் 'விற்பனைக்கு' என்ற பலகை நட்டிருந்தாலும் அன்ரி பார்க்கப் போவார். வாங்குகிற எண்ணம் மருந்துக்கும் கிடையாது. ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வீட்டு ஏஜன்ட் பொடியன் படுக்கையறைகளின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டு மாடிக்கு ஏற, இவர் குசினி அலுமாரியைத் திறந்துகொண்டு நின்றார். "ரெண்டு பிள்ளையள். ஒண்டுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. தகப்பன் வேற எங்கேயோ இருக்கிறான் போல" என்று என் காதுக்குள் சொன்னார். நான் வெட்கத்தில் வெளியே வந்துவிட்டேன். அவர் அந்த வீட்டுக்காரப் பெண்ணோடு முக்கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு, கையில் ஒரு துண்டு கேக்கோடு வந்தார். இரண்டு கிழமையில் அந்தப் பலகையைக் காணவில்லை. வீடு விற்றுப்போனதா, இவர் கதைத்து அந்தப் பெண் மனம் மாறினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த சனிக்கிழமையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மகள் பிறந்த நாலாம் நாள். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. கணவருக்கு இரண்டு ஷிப்ட். பிள்ளை பாலுக்குக் கத்துகிறது, என்னிடம் பால் இல்லை. இருவருமாக அழுதுகொண்டிருக்கிறோம். குசினிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மல்லியும் மிளகும் உள்ளியும் அரைத்துக் காய்ச்சிய சரக்குத் தண்ணியோடு அன்ரி மேலே ஏறி வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, "குடி" என்றார். நான் குடித்தேன். "பால் வருமோ வராதோ எண்டு பயந்துகொண்டிருந்தால் வராது. வரும் எண்டு நினை" என்றார். ஒரு கிழமை காலையும் மாலையும் வந்தார். பால் வந்தது. அவருக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. பின்படலைக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று கணவரிடம் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்படிப்பட்டவர் வியட்நாமின் வடக்கு மலைக்குப் போக ஆசைப்பட்டதற்குக் காரணம் ஒரு சட்டி.

அவர் பராமரித்த வெள்ளைக்காரி ஒருவருக்குப் பின்னேரங்களில் ரீவியில் பயண நிகழ்ச்சி பார்க்க வேண்டும். ஒருநாள் சீன எல்லைக்குக் கிட்ட, ஹ்மொங் மக்கள் வாழும் மலைக் கிராமமொன்றைக் காட்டியிருக்கிறார்கள். நீலச் சாயம் தோய்த்த உடுப்போடு ஒரு பெண் வாசலில் நின்று சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் அடுப்பு எரிகிறது. அடுப்பின் மேல் மரத்தாலான பெரிய பாத்திரம் ஒன்றிலிருந்து ஆவி பறக்கிறது.

"அந்தக் கமராக்காரன் வாசலோட நிண்டிட்டான் பிள்ளை. உள்ள என்ன அவியுது எண்டு காட்டாமலே அடுத்த மலைக்குப் போட்டான்."

ஒரு மாதம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். அறுபதாவது பிறந்தநாளுக்கு மகன் கப்பல் பயணம் ஒன்று ஒழுங்கு செய்கிறேன் என்றபோது, "கப்பல் வேண்டாம் தம்பி, எனக்கு அந்தச் சட்டிக்குள்ள பாக்கவேணும்" என்றாராம். தனியாகப் போகக் கூடாது என்று மகன் சொன்னான். மறுநாள் என் குசினியில் சாம்பார் மூடியைத் தூக்கிக்கொண்டே, "நீயும் வாறாய்" என்றார். அப்போது மகளுக்கு ஆறு வயது. கணவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். நான் ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். பத்து நாள் லீவு எடுத்தேன்.

ஹனோயிலிருந்து ஒரு முழுநாள் வான் பயணம். மலைகள் எல்லாம் கருங்கூர்ப் பாறை. பாறை இடுக்குகளில் கைப்பிடி மண் கண்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு சோளச்செடி நட்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுக்க, அன்ரி முன்சீற்றில் இருந்து சாரதிக்குத் தமிழில் வழி சொல்லிக்கொண்டு வந்தார். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் மீ. ஹ்மொங் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். அவளுடைய கிராமத்தில் அவளுடைய வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு. எந்த வீட்டுக்குள்ளும் தன்னைக் கேட்காமல் போகக் கூடாது என்று வானிலேயே சொல்லிவிட்டாள். அன்ரி தலையாட்டினார். அன்ரி தலையாட்டினால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமே தவிர, ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. அது மீக்குத் தெரியாது.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மூவரும் ஊரைப் பார்க்கப் புறப்பட்டோம். மீக்கு ஒரு போன் வந்தது. அவள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினாள். நாங்கள் ஒரு கல்வேலி ஓரம் நின்றோம். உள்ளே மஞ்சள் மண்சுவர் வீடு. அன்ரி என் கையைப் பிடித்தார்.

"இஞ்ச பார். தோரணம் கட்டியிருக்கினம். ஏதோ நல்ல காரியம் நடக்குது."

உண்மைதான். கதவு நிலையில் பச்சை இலைக்கொத்து ஒன்று கட்டியிருந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். வாசலில் பச்சை இலையைக் கண்டால் தமிழ் மனிதருக்குக் கல்யாணம், குடிபூரல், சாமத்தியவீடு என்று மங்களமாகத்தானே ஓடும். போதாக்குறைக்கு உள்ளேயிருந்து மா அவியும் வாசம் வேறு வந்தது. நான் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டி நிமிர்வதற்குள் வாசலில் அன்ரியின் சப்பாத்து இரண்டும் சோடியாக இருந்தன. அன்ரியைக் காணவில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகியிராது. உள்ளே ஒரு பெண் உரக்கக் கத்தினாள். குழந்தை வீரிட்டது. மேட்டிலிருந்து மீ போனை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அன்ரி வெளியே வந்து, சப்பாத்தைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, என்னிடம் நடந்து வந்தார். அப்படி வெளிறிய முகத்தை அவரிடம் நான் கண்டதில்லை.

"துடக்கு வீடு, பிள்ளை. நான் துடக்கு வீட்டுக்குள்ள போயிட்டன்."

பிள்ளை பிறந்து எட்டு நாள். இலை கட்டினால் அந்நியர் வரக் கூடாது என்று அர்த்தம். ஒரு மாதத்துக்கு அந்த இலை அங்கே இருக்கும். மீ சொல்லச் சொல்ல நான் தலையில் கைவைத்தேன். பிள்ளைப்பேற்றுத் துடக்கு எங்களுக்கு முப்பத்தொரு நாள், அவர்களுக்கு ஒரு மாதம். உலகத்தில் வேறு யார் போய் நின்றிருந்தாலும் அந்த இலையைக் கண்டு ஒருகணம் யோசித்திருப்பார்கள். துடக்கைப் பற்றி நன்றாகத் தெரிந்த நாங்கள்தான் தோரணம் என்று நினைத்து நுழைந்தோம்.

அன்ரி அன்று பின்னேரம் மீயின் வீட்டு அடுப்படியில் இருந்தபோது, "சட்டிக்குள்ள சோளமாப் புட்டு" என்று மட்டும் சொன்னார். அதில் ஒரு சந்தோசமும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை மீ செய்தி கொண்டுவந்தாள். அந்தத் தாய்க்கு நேற்றிலிருந்து பால் குறைந்துவிட்டது. வந்த அந்நியப் பெண் பாலைத் தன்னோடு கொண்டுபோய்விட்டாள் என்று வீட்டார் நினைக்கிறார்கள். அதற்கு அந்த வீட்டில் ஒரு பரிகாரமும் உண்டு. கொண்டுபோனவர் தன் கையாலேயே இளங்கோழியை மூலிகை போட்டு அவித்து, சோற்றோடு மூன்று நாள் காலையில் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உள்ளே போகக் கூடாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், நீங்கள் திட்டப்படி இன்று புறப்படலாம் என்று மீ சொன்னாள்.

"மன்னிப்புக் கேட்டிட்டு வெளிக்கிடுவம் அன்ரி" என்றேன். "எனக்குத் திங்கள் வேலை. பிளேனும் போயிடும். நீங்கள் எட்டிப் பாத்ததுக்கு ஒருத்தியின்ரை பால் நிக்குமோ? இதையெல்லாம் நம்புறியளோ?"

"நான் நம்புறனோ இல்லையோ, அந்தத் தாய் நம்புது" என்றார். "பால் போயிட்டுது எண்டு அது பயந்துகொண்டு கிடந்தால் உண்மையாவே போயிடும். எட்டு நாள் பிள்ளை. இந்த மலையில பால்மா வாங்க எங்க போறது? நீ போறதெண்டால் போ. நான் குடுத்திட்டுத்தான் வருவன்."

எனக்குக் கோபம் வந்தது. கூப்பிடாத வீட்டுக்குள் போகாதீர்கள் என்று ஒன்பது வருடமாகச் சொல்கிறேன், இப்போது ஒரு குழந்தையின் பாலில் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பிறகு வெளியே போய் நின்று பயணச்சீட்டை மாற்றினேன். வேலைக்குப் போன் பண்ணி வயிற்றுக் கோளாறு என்று பொய் சொன்னேன்.

பிறந்ததிலிருந்து மச்ச மாமிசம் தொடாத மனுசி கோழி அவித்ததை நான் பார்த்தேன். கோழியை உரித்துக் கொடுத்தது மீ. கழுவி வெட்டியது எல்லாம் அன்ரி. முதல் துண்டைத் தொடும்போது கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்றார். பிறகு மூடவில்லை. மீ காட்டிய இலைகளைக் கிள்ளிப் போட்டு, நெருப்பைத் தணித்து, ஒரு மணித்தியாலம் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவருக்கு ஒரேயொரு சிக்கல்தான் வந்தது. சுவை பார்க்க முடியாது. அகப்பையை என்னிடம் நீட்டி, "நீ சொல்லு, பிள்ளை பெத்தவளுக்கு வாய்க்கு இதமா இருக்குமோ?" என்று கேட்டார். இதமாகத்தான் இருந்தது.

முதல் நாள் அந்த வீட்டு மாமியார் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பாராமல் கதவைச் சாத்தினார். அன்ரி முற்றத்தில் நின்றார். போவோம் என்றேன். கேட்கவில்லை. உள்ளே குழந்தை அழுவதைத் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார். "பசி அழுகை" என்றார். இரண்டாம் நாளும் அதே அழுகை. கழுவிய பாத்திரம் மட்டும் திரும்பி வந்தது. அன்று மத்தியானம் அன்ரி சாப்பிடவில்லை. "நாளைக்கும் வராட்டி என்ன செய்வன் பிள்ளை?" என்று கேட்டார். என்ன செய்வது என்று வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்டது அந்த ஒருமுறைதான். கோபம் எப்போதோ போயிருந்தது. எனக்கும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் முற்றத்துக்குப் போனபோது சத்தமே இல்லை. மாமியார் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. நேரம் போய்க்கொண்டேயிருந்தது. மலைக்காற்று ஊசியாய்க் குத்தியது. அன்ரி என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. மாமியார் மீயிடம் ஏதோ சொன்னார். மீ முகம் முழுக்கச் சிரித்தாள். விடியற்காலையில் பால் வந்துவிட்டதாம், குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறதாம். மாமியார் வாசலில் நின்றபடி உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி அழைத்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இலைக்கொத்து நிலையிலேயே கட்டியிருந்தது. பாலைத் திருப்பிக் கொடுத்தவர் அந்நியர் இல்லையாம் என்று மீ சொன்னாள்.

அன்ரி அசையவில்லை.

"ஆரைக் கூப்பிடுறா?"

"உங்களைத்தான் அன்ரி. போங்கோ."

"என்னையோ?"

எந்த வீட்டுக்குள்ளும் கேளாமல் நுழைந்தவர், கூப்பிட்ட வீட்டுக்கு முன்னால் கால் எழும்பாமல் நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"நான் லண்டனுக்கு வந்த புதிசில ரெண்டு வருசம் வீட்டுக்குள்ளயே இருந்தனான் பிள்ளை" என்றார், அந்த வாசலைப் பார்த்தபடியே. "ஆராவது வா எண்டு கூப்பிடுவினம், போவம் எண்டு. தெரு முழுக்கச் சனம். ஒருத்தரும் கூப்பிடேல்ல. பிறகுதான் நானா போகத் துவங்கினனான். இண்டைக்குத்தான் முதல் தரம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்தார். உள்ளே போனார். மீயும் போனாள். கதவு மூடிக்கொண்டது.

என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

முற்றத்தில் நின்றேன். உள்ளே அன்ரி தமிழில் விலாவாரியாக ஏதோ சொல்வதும், அவர்கள் தங்கள் மொழியில் பதில் சொல்வதும், எல்லோரும் சிரிப்பதும் கேட்டது. கால்விரல்கள் மரத்துப்போயின. கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் நான் அவருக்கு ஒருநாளும் "வாங்கோ" என்று சொன்னதில்லை. சொல்வதற்கு முன் அவர்தான் வந்துவிடுகிறாரே என்று எனக்கு நானே ஒரு சாட்டு வைத்திருந்தேன். அது பொய். அவர் வராமல் விட்டிருந்தால் நான் கூப்பிட்டே இருக்க மாட்டேன். நிம்மதி என்று இருந்திருப்பேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. புகையில் சிவந்த கண்ணும், கையில் இலையில் சுற்றிய புட்டுமாக அன்ரி வந்தார்.

"என்ன பிள்ளை, இஞ்சயே நிக்கிறாய்? உள்ள வந்திருக்கலாமே."

"என்னை ஆரும் கூப்பிடேல்ல அன்ரி."

என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார். புட்டுப் பொட்டலத்தை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு பிடிக்க மூடினார்.

"நல்லாக் குளிர்ந்துபோச்சு, என்ன?"

"ஓம்."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது" என்றார்.